முகம் சரியில்லை, துவான்

போன வாரம் தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்து புக்கிட் பாத்தோக் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் நபிலாவிடமிருந்து போன். நான் வேலை பார்த்த நீதிமன்றத்தில் இப்போது அவள் அதிகாரி. நான் ஓய்வு பெறும் சமயத்தில் சேர்ந்த பெண். தகப்பனார் மலாய்க்காரர், தாயார் தமிழ். வாயைத் திறந்தால் மூன்று மொழியும் ஒரே சட்டியில் கொதிக்கும், கடைசியில் எங்கள் ஊர் 'லா' ஒன்று ஒட்டிக்கொள்ளும்.

"ஆன்ட்டி, பிசியா? ஒரு ஹெல்ப் வேணும் லா. புது ஸ்டாஃபுக்கு டாக் குடுக்கணும். இஸ்லாமியச் சட்டத்துல ஜட்ஜ் ஆகறதுக்கு என்னென்ன குவாலிஃபிகேஷன் வேணும்னு. புக்ல உள்ளதெல்லாம் எடுத்துட்டேன். நீங்க துவான் இத்ரிஸ் கூட அவ்ளோ வருஷம் இருந்தீங்க இல்ல? ஏதாச்சும் ஒரு ஸ்டோரி சொல்லுங்களேன், ஷார்ட்டா."

ஷார்ட்டாம்! என்னைப் பற்றித் தெரிந்தும் கேட்கிறாள் பாருங்கள்.

அவள் அனுப்பிய குறிப்புகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். நீதிபதி முஸ்லிமாக இருக்க வேண்டும், வயது வந்தவராக இருக்க வேண்டும், புத்தி தெளிவாக இருக்க வேண்டும். நேர்மையானவர் என்று ஊர் அறிந்திருக்க வேண்டும். கண் பார்க்க வேண்டும், காது கேட்க வேண்டும், வாய் பேச வேண்டும். மார்க்கச் சட்டத்தை மூல நூல்களிலிருந்தே எடுத்துச் சொல்லும் கல்வி வேண்டும். ஆணாகத்தான் இருக்க வேண்டுமா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு என்று ஒரு வரி. அதன் பக்கத்தில் ஒரு சிரிக்கும் பொம்மை. அந்த நாற்காலி மேல் இவளுக்கே ஒரு கண் போலிருக்கிறது. இருக்கட்டுமே, என்ன தப்பு?

எல்லாம் சரிதான். நாற்காலியில் உட்கார இத்தனை தகுதி வேண்டுமென்றால், அதிலிருந்து எழுந்து போவதற்கும் ஒரு தகுதி வேண்டும். அதை நான் அங்கே நீதிபதியாக இருந்த துவான் இத்ரிஸிடம் மட்டும்தான் பார்த்தேன். நபிலாவிடம் போனில் சொல்ல ஆரம்பித்தேன், அவளுக்கு மீட்டிங் வந்துவிட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தமிழும் ஆங்கிலமும் பள்ளியில், மலாய் அக்கம்பக்கத்தில். பரீட்சை எழுதி நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். திருட்டு, அடிதடி, வேலையிட விபத்து என்று எத்தனையோ வழக்குகளில் மற்றவர்களுடைய வாயாக இருந்திருக்கிறேன். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது. பேசுகிறவர் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'நான் குத்தினேன்' என்று எத்தனையோ தடவை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட பெண் நான்.

முஸ்லிம்களின் திருமணம், மணமுறிவு, பிள்ளைகள் பொறுப்பு ஆகியவற்றுக்கு இங்கே தனி நீதிமன்றம். விசாரணை மலாயிலும் ஆங்கிலத்திலும் நடக்கும். தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். கொஞ்ச நாளில் நான் அங்கேயே பழியாய்க் கிடக்க ஆரம்பித்தேன். எங்கள் கோவிலில் இது பெரிய பேச்சு. "ரெஜினா, அந்தக் கோர்ட்ல உனக்கென்ன வேலை?" என்று செபமாலைக் கூட்டத்தில் ஆளாளுக்குக் கேட்டார்கள். "வாயாடறதுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த மணியை உருட்டுவேன்.

முதல் நாள் என் கழுத்துச் சங்கிலியில் சிலுவை தொங்கிக்கொண்டிருந்தது. மரியாதைக்காக ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். துவான் இத்ரிஸ் பார்த்துவிட்டார். ஒல்லியான மனிதர், கறுப்பு சொங்கோக் தொப்பி, தடித்த கண்ணாடி. நீதிபதியை மலாயில் துவான் என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் பேச்சு மலாயும் ஆங்கிலமும் கலந்தது. இங்கே தமிழில் தருகிறேன்.

"அதை வெளியே போடுங்கள். தன் பேச்சை யார் எடுத்துச் சொல்கிறார் என்று வந்திருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். வேண்டாம் என்று சொல்லவும் அவர்களுக்கு உரிமை உண்டு" என்றார்.

அப்புறம் கொஞ்சம் தயங்கி, பழைய நூல்களில் மொழிபெயர்ப்பவரைச் சாட்சி மாதிரி பார்ப்பார்கள் என்றும், ஒருவர் போதாது, இருவர் வேண்டும் என்று சொன்ன அறிஞர்கள் உண்டு என்றும் விளக்கினார். அரசாங்கச் சட்டப்படி நான் ஒருத்தியே போதும். ஆனாலும் அவர் மனது கேட்கவில்லை. அதனால் காதர் பாய் என் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார். காதர் பாய் நீதிமன்ற எழுத்தர், தஞ்சோங் பகாரில் பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம். நான் சொன்னது சரியென்றால் தலையசைப்பார். எனக்கு முதலில் மூக்குக்கு மேல் கோபம். என்னை நம்பவில்லையா என்று அவரிடமே கேட்டேன்.

"உங்கள நம்பாம இல்ல ரெஜினா. அந்த மனுஷன் தன்னையே நம்ப மாட்டாரு. இருந்து பாருங்க லா" என்றார் காதர் பாய்.

இருந்து பார்த்தேன். அடேயப்பா, என்ன மனிதர்!

விசாரணைக்கு முன்னால் துவான் இரண்டு கிரீம் கிராக்கர் பிஸ்கட்டை வெந்நீரில் நனைத்துச் சாப்பிடுவார். பசியோடு தீர்ப்புச் சொல்லக் கூடாதாம். அப்புறம் கழிவறைக்குப் போய் வருவார். அந்த அவசரத்தோடும் தீர்ப்புச் சொல்லக் கூடாதாம். தூக்கம், தாகம், வலி, துக்கம், கடுங்குளிர் எதுவும் ஆகாது. ஏர்கான் அதிகமாக இருந்தால் முதலில் அதைக் குறைக்கச் சொல்வார். கோபத்தில் இருக்கும் நீதிபதி இரண்டு பேருக்கு நடுவே தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது அவர்களுடைய நபிமொழி. புத்தியைக் கலைக்கிற மற்றதெல்லாம் கோபத்தைப் போலத்தான் என்று அறிஞர்கள் நீட்டி எழுதி வைத்திருக்கிறார்கள். நிறைய பேர் படித்திருப்பார்கள். இவர் அதைத் தினமும் செய்தார்.

வந்தவர்கள் இருவரையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்பது அடுத்த விதி. ஒரு தடவை கணவனுக்குப் போட்ட நாற்காலியில் மெத்தை புதிது, மனைவியுடையதில் கிழிசல். துவான் இரண்டையும் தூக்கச் சொல்லிவிட்டு ஒரே மாதிரி பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொன்னார். ஒருவரைப் பார்த்துச் சிரித்தால் மற்றவரைப் பார்த்தும் சிரிக்க வேண்டும் என்பதால் அவர் யாரைப் பார்த்தும் சிரித்ததில்லை.

தேக்கா சந்தைக்கும் அவர் போக மாட்டார். நீதிபதி தானே கடைக்குப் போனால் வியாபாரி விலையைக் குறைப்பான், நாளைக்கு அவனே வழக்கோடு வருவான் என்று அதற்கும் நூலில் விதி இருக்கிறது. இன்னாருக்கு என்று சொல்லாமல் வேறு ஆளை விட்டு வாங்க வேண்டும். அந்த வேறு ஆள் நம்ம காதர் பாய். ஒரு சனிக்கிழமை நானும் பக்கத்தில் நின்றேன். ஆட்டிறைச்சிக் கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "பாய், வீட்ல நீங்களும் சம்சாரமும்தானே? வாராவாரம் இவ்ளோ கறி யாருக்கு? இன்னொரு வீடு கீடு வச்சிருக்கீங்களா?" காதர் பாய்க்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. துவானின் பெயரைச் சொல்லவும் முடியாது, அந்தப் பழியைச் சுமக்கவும் முடியாது. "குவாட்டர்லி கந்தூரி விருந்து லா" என்று எதையோ உளறிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். இன்றைக்கும் அதைச் சொன்னால் பாய்க்குக் கோபம் வரும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. நீதிமன்ற அறைக்குள் நுழையும் கதவுக்கு முன்னால் துவான் நின்று, எங்கள் இருவர் பக்கமும் திரும்பி, "முக்கா சாயா மாச்சம் மானா?" என்பார். என் முகம் எப்படி இருக்கிறது என்று அர்த்தம். தன் கோபம் தன் கண்ணுக்குத் தெரியாது, பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும் என்பது அவர் கணக்கு. காதர் பாய் அனுதினமும் "ஓகே, துவான்" என்பார். துவான் முகத்தில் நெருப்பே எரிந்தாலும் காதர் பாய்க்கு ஓகேதான். எனக்கு அந்த மாதிரி பேச வராது. "தூங்கி வழிகிறது, துவான்" என்று சொல்லியிருக்கிறேன். போய் முகம் கழுவிவிட்டு வருவார்.

ஒரு நாள் அவர் வாயெல்லாம் பல்லாக வந்தார். மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, முதல் பேத்தி. கதவுக்கு முன்னால் நின்று வழக்கம்போலக் கேட்டார். நான் சொன்னேன்: "இந்த முகத்தோடு வழக்கு எடுக்க முடியாது, துவான்." காதர் பாய் என்னை முறைத்தார். துவான் யோசித்தார். பெருமகிழ்ச்சியும் விலக்கப்பட்டவற்றில் ஒன்றுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அறைக்குத் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்து முடித்துவிட்டு வந்தார். அன்றைக்கு உள்ளே வந்த வழக்கு பிள்ளைப் பொறுப்பு வழக்கு. சிரித்த முகத்தோடு போயிருந்தால் அந்தத் தாய்க்கு எப்படி இருந்திருக்கும்?

அதன்பிறகுதான் என்னிடம் ஒரு வேலை ஒப்படைத்தார். விசாரணைக்கு நடுவில் கோபம் வந்தால் அவர் கேட்க மாட்டார், கேட்கிற நிலையில் இருக்க மாட்டார். மேசையில் எங்கள் இருவருக்கும் இடையே அவருடைய தண்ணீர்க் கிளாஸ் இருக்கும். அவர் முகம் மாறினால் நான் ஒன்றும் பேசாமல் அந்தக் கிளாஸை அவர் பக்கம் தள்ள வேண்டும். "நீங்கள்தான் பயப்படாமல் சொல்கிறீர்கள், ரெஜினா" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எனக்கும் ஒரு கிளாஸ் குடுத்து வை, உன் பக்கம் தள்ளறேன்" என்றார் அவர்.

வருடக்கணக்கில் அந்தக் கிளாஸை நான் தொட வேண்டிய அவசியமே வரவில்லை. ஜமீலா வழக்கு வரும்வரை.

ஜமீலா லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடை அடுப்படியில் வேலை பார்த்தவள். சுவா சூ காங்கில் வாடகை அறையில் இருந்தாள். கல்யாணம் ஆன கொஞ்ச காலத்திலேயே கணவன் நசீர் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போனான். அப்புறம் போன் இல்லை, காசு இல்லை, தகவல் இல்லை. விட்டுவிடவும் இல்லை. கட்டிக்கொண்டவளும் இல்லை, அறுத்துக்கொண்டவளும் இல்லை என்று அவள் அந்தரத்தில் நின்றாள். மணமுறிவு கேட்டு மனுப் போட்டாள். தவணைக்கு மேல் தவணை, அவன் வரவே இல்லை. கடைசியில் யாரோ சொல்லி வந்துவிட்டான். அன்றைக்கே சாயங்காலம் அவனுக்குத் திரும்பிப் போக விமானம். அவன் தலாக் சொல்லச் சம்மதித்தால் அந்த நிமிடமே முடிந்துவிடும். அவன் போய்விட்டால் அவள் மறுபடியும் சாட்சிகளோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவளுக்கு இருந்தது அந்த ஒரு நாள்தான்.

துவான் கேட்டார், நான் தமிழில் சொன்னேன்: "மணமுறிவுக்குச் சம்மதமா?"

நசீர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். "சம்மதந்தான். ஆனா சும்மா சொல்ல மாட்டேன். தப்பெல்லாம் என்மேலதான், மன்னிச்சு விட்டுடுங்கன்னு அவ எல்லாரும் கேக்கற மாதிரி சொல்லட்டும். என் காலைப் பாத்துச் சொல்லட்டும். அப்புறம் நான் சொல்றேன். கட்டிப்போட்டது நான்தானே, எப்ப அவுத்து விடணும்னு எனக்குத் தெரியும்."

இதை நான் 'நான்' என்றே சொல்ல வேண்டும். சொன்னேன். "கட்டிப்போட்டது நான்தான்" என்று என் வாயால் துவானிடம் சொன்னபோது எனக்கு நாக்கு கசந்தது. காதர் பாய் தலையசைத்தார், குனிந்தபடியே.

நான் முடிப்பதற்குள் ஜமீலா எழுந்து நின்றுவிட்டாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "சொல்றேங்க" என்றாள்.

துவான் பேனாவைக் கீழே வைத்தார். அவருடைய காது நுனி இரண்டும் சிவந்திருந்தன. கன்னம் துடித்தது. அவர் வாயைத் திறந்தார். அந்த மனிதன் வாழ்நாள் முழுக்க மறக்காதபடி நாலு வார்த்தை வாங்கப் போகிறான் என்று எனக்குத் தெரிந்தது. ஆண்டவரே, எனக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது! அந்த நாலு வார்த்தையைத் தமிழில் அவன் முகத்துக்கு நேரே சொல்லும் பாக்கியம் எனக்கல்லவா கிடைக்கப் போகிறது?

நான் கிளாஸைத் தள்ளினேன்.

துவான் கிளாஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார். நீதிபதி எழுந்தால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், பேச்சு நிற்க வேண்டும். ஜமீலாவின் வாய்வரை வந்த வார்த்தை அப்படியே நின்றுபோயிற்று. "கொஞ்ச நேரம் இடைவேளை" என்றார் காதர் பாய்.

வெளியே வராந்தாவில் நசீர் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஜமீலா என்னிடம் ஓடி வந்தாள்.

"அக்கா, ஏன் எந்திரிச்சுப் போனாரு? வரச் சொல்லுங்கக்கா. இந்தாளு போயிடுவான். காலைப் பாத்துதானே சொல்லச் சொன்னான்? சொல்லிட்டுப் போறேன், எனக்கென்ன குறைஞ்சு போகுது?"

வழக்கில் இருப்பவரோடு நான் தனியாக வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது. "இரும்மா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை இல்லை. காதர் பாயை இழுத்துக்கொண்டு துவானின் அறைக்குப் போனேன்.

கதவு திறந்தே இருந்தது. துவான் தரைக் கம்பளத்தில் மல்லாந்து படுத்திருந்தார். முகமும் கையும் ஈரம், தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் ஒளுவை அப்போதுதான் செய்திருந்தார். கோபம் வந்தால் நின்றுகொண்டிருப்பவர் உட்கார வேண்டும், அப்படியும் போகாவிட்டால் படுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் வழிமுறை. தொப்பியை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து யாரும் சிரித்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"முகம் எப்படி இருக்கிறது?" என்றார் படுத்தபடியே.

"காது இன்னும் சிவப்பாக இருக்கிறது, துவான். ஆனால் அந்த ஆள் கிளம்பிவிடுவான்."

"தெரியும்."

"அவள் பாவம், துவான்."

"அதுவும் தெரியும், ரெஜினா. இப்போது நான் உள்ளே போனால் அவளுக்குக் கொடுப்பது என் கோபத்தை. அதை நாளைக்கு எவன் வேண்டுமானாலும் அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வான். அவனும் என்னை நீதிபதி என்று நம்பித்தான் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். அவனை அடிக்கத்தான் எனக்கு இப்போது கை வருகிறது."

நான் வராந்தாவுக்குத் திரும்பியபோது லிஃப்ட் கதவு மூடிக்கொண்டிருந்தது. உள்ளே நசீர். ஜமீலா சுவரோரம் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

துவான் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஒரு நாற்காலி காலி. அவர் ஜமீலாவைப் பார்த்துப் பேசினார், நான் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன். "எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் இருக்கிற நீதிபதி தீர்ப்புச் சொல்லக் கூடாது. அதனால் எழுந்து போனேன். அந்தக் கஷ்டம் உங்கள் தலையில் விழுந்துவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள்." எனக்குக் கோபம் வந்தது என்று நான் சொன்னபோது அது மொழிபெயர்ப்பு மாதிரியே இல்லை. காதர் பாய் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "துவான், இதையுமா எழுதறது?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். "எழுதுங்கள். இரண்டு பேருக்கும் தெரிய வேண்டியது" என்றார் துவான். ஜமீலா அடுத்த தேதியைக் கேட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிரவு வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. கிளாஸைத் தள்ளாமல் இருந்திருந்தால் அவளுக்கு அன்றே விடிந்திருக்குமே என்று புலம்பினேன். துவான் மேலும் கோபம். சட்டம் தெரிந்தவருக்கு இரக்கம் தெரியாதா என்று வாய்விட்டே திட்டினேன். என் வீட்டுக்காரர் பேசாமல் தண்ணீர்க் கிளாஸை என் பக்கம் தள்ளினார்.

ஜமீலா அடுத்த தவணைக்குச் சாட்சிகளோடு வந்தாள். கடை முதலாளியும் பக்கத்து அறைக்காரரும் வந்து, அவன் ஒரு நாளும் அவளைக் கவனித்ததில்லை என்று சொன்னார்கள். அவள் சத்தியம் செய்தாள். நசீருக்கு முறைப்படி தகவல் போயிருந்தது. அவன் வரவில்லை. கணவன் சொல்லாமலே நீதிமன்றம் திருமணத்தை முறித்துவைக்கும் வழி ஒன்று உண்டு. துவான் பிஸ்கட் சாப்பிட்டு, எங்களிடம் முகத்தைக் கேட்டு, உள்ளே வந்து அதைச் செய்தார். யாருடைய காலையும் பார்க்காமல் அவள் வெளியே போனாள்.

கதை அதோடு முடியவில்லை. நசீர் வக்கீல் வைத்து மேல்முறையீடு செய்தான். நீதிபதிக்குத் தன்மேல் கோபம், அதை அவரே ஒப்புக்கொண்டு எழுதி வைத்திருக்கிறார், ஆகவே தீர்ப்புச் செல்லாது என்று வாதம். காதர் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் அப்பவே சொன்னேன் லா, எழுத வேணாம்னு!" நான் வேளாங்கண்ணி மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன், ஒரு முஸ்லிம் பெண்ணின் மணமுறிவுக்காக. மாதா என்ன நினைத்தாரோ. மேல்முறையீட்டில் கேட்டது ஒரே கேள்விதான்: கோபம் வந்த நாளில் நீதிபதி என்ன தீர்மானித்தார்? ஒன்றுமே தீர்மானிக்கவில்லை, எழுந்து போய்விட்டார். தீர்ப்பு நின்றது. அவன் பிடுங்க வந்த இடத்தில் பிடுங்க ஒன்றும் இல்லை.

அப்புறம் துவான் ஓய்வு பெற்றார், நான் ஓய்வு பெற்றேன், காதர் பாயும் வீட்டோடு ஆனார். இப்போது பாதி விசாரணை திரையில்தான் நடக்கிறதாம், நபிலா சொன்னாள். திரையில் காது நுனி சிவப்பது தெரியுமா என்று கேட்டேன். "என்ன ஆன்ட்டி?" என்றாள்.

போன ஹரி ராயா நோன்புப் பெருநாளுக்குச் சில நாள் கழித்துத் தேக்காவில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். "அக்கா!" என்று பின்னாலிருந்து குரல். ஜமீலா. சதை போட்டிருந்தாள், நன்றாக இருந்தாள். இப்போது சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாளாம். வழக்கு முடிந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, இனி நான் அவளோடு என்ன வேண்டுமானாலும் பேசலாம். கடைக்குக் கூட்டிப் போய்த் தே தாரிக் டீ கொடுத்தாள். அப்போதுதான் கேட்டேன், அந்த நாளை.

"அன்னைக்கு அவரு எந்திரிச்சுப் போனப்போ உங்க ரெண்டு பேரையும் மனசார சபிச்சேங்க்கா" என்றாள் சிரித்துக்கொண்டே. அப்புறம் சிரிப்பு நின்றது. "வீட்டுக்குப் போயி ராத்திரி பூரா யோசிச்சேன். என்னைப் பெத்த அத்தா, எங்கண்ணன், இந்தாளு... கோவம் வந்தா எல்லாரும் கதவைச் சாத்துவாங்கக்கா. சாத்திட்டுத்தான் ஆரம்பிப்பாங்க. கோவம் வந்து கதவைத் தெறந்துட்டு வெளிய போன ஆம்பளைய நான் அன்னைக்குத்தான் மொத மொத பாத்தேன். அவரு போனதுக்கு அப்புறம் எனக்கு யாரு காலையும் பாக்கத் தோணல."

கிளம்பும்போது ஒரு டப்பாவில் இனிப்பு வட்டிலப்பம் போட்டுக் கொடுத்தாள். "அவருக்குக் குடுங்கக்கா. வாங்கிக்குவாரா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை காதர் பாயும் நானும் பிடோக்கில் துவான் வீட்டுக்குப் போனோம். உடம்பு ரொம்பத் தளர்ந்திருந்தது. சாய்வு நாற்காலி, மடியில் போர்வை. நான் டப்பாவை நீட்டினேன். யார் கொடுத்தது என்று கேட்டார். சொன்னேன். கையை இழுத்துக்கொண்டார்.

"வழக்கில் வந்தவர்களிடம் வாங்கக் கூடாது."

"துவான், நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க. வழக்கும் முடிஞ்சாச்சு. சும்மா சாப்பிடுங்க லா!" என்று காதர் பாய் மலாயையும் தமிழையும் கலந்து கத்தினார். வாழ்நாளில் துவானிடம் அவர் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

நான் ஜமீலா சொன்னதைச் சொன்னேன். பழைய வழக்கப்படி, அவள் 'எனக்கு' என்றதை 'எனக்கு' என்றே சொன்னேன். காதர் பாய் பக்கத்தில் உட்கார்ந்து, சரிதான் என்று தலையசைத்துக்கொண்டே இருந்தார். துவான் முழுவதையும் கேட்டார். டப்பாவைத் தானே திறந்தார். கரண்டியால் ஓரத்தில் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். என் பக்கம் திரும்பினார். கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது, அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"முக்கா சாயா மாச்சம் மானா?"

"இந்த முகத்தோடு வழக்கு எடுக்க முடியாது, துவான்" என்றேன்.